முப்பத்தொன்றாம் எண் இரத்தம்

மார்ச் 4

அண்ணா,

ஏழு வாரமாக உனக்கு எழுத உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் முதல் வரி இல்லாமலே ஆரம்பிக்கிறேன். அப்பா சாகவில்லை.

நீ குத்தியது இடது விலாவுக்குக் கீழே. தையல் போடுவதற்காக வயிற்றைத் திறந்த மருத்துவர், இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியைப் பார்த்திருக்கிறார். உன் கத்தி அதற்கு இரண்டு விரல் தள்ளி நின்றிருந்ததாம். சிறுநீரகத்தோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் எலும்புக்குப் பரவியிருக்கும் என்றார். வார்டில் அப்பாவை வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். "புள்ளை குத்துனதால பொழச்ச மனுஷன் இவருதான்" என்று நர்ஸ் அக்கா காட்டுவார். அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவின் மணிக்கட்டில் கட்டுப் பிரித்தாயிற்று. இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எத்தனை முறை கேட்டிருப்பாய்! நான் "ரத்தம் பாக்குறோம்" என்று சொல்லி நழுவியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். டயர் கடையில் பஞ்சர் பார்க்க ட்யூபைத் தொட்டியில் முக்குவாயே, குமிழ் வரும் இடம்தான் ஓட்டை. எங்கள் வேலையும் அதுதான். நோயாளியின் கட்டியிலிருந்து புரதங்களைப் பிரித்து ஒரு மெல்லிய தாளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக ஒட்டவைப்போம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதன்மேல் அதே நோயாளியின் இரத்தச் சீரத்தை ஊற்றுவோம். அவர் உடம்பு எந்தப் புரதத்தை எதிரி என்று அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரித்திருக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஃபிலிம் கழுவினால் அங்கே கறுப்பாக ஒரு புள்ளி விழும். புற்றுநோயை உடம்பு எங்கே பிடித்துக் கடிக்கிறது என்பதற்கு அடையாளம். அது கிடைத்தால் அதைவைத்து மருந்து செய்யலாம். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு வெறும் சாம்பல் நிறம்தான் வரும்.

அப்பாவின் கட்டியில் ஒரு துண்டும் அறுவை முடிந்த ஆறாம் நாள் எடுத்த இரத்தமும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. பெயர் வராது, எண்தான். முப்பத்தொன்று. நோயாளியிடம் படிவம் நிரப்பி வரும் வேலை என்னுடையது. மகள் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வியில் பேனா நின்றுவிட்டது. "கடந்த மூன்று மாதத்தில் இரத்தம் ஏற்றப்பட்டதா?" ஆம் என்றால் கொடுத்தவரின் சீட்டு எண் வேண்டும். அந்தச் சீட்டில் உன் பெயர் இருக்கும். அதைத் தேடினால் காவல் நிலையமும் கத்தியும் நம் வீடும் வரிசையாக மேசைக்கு வரும். நான் "இல்லை" என்று எழுதினேன்.

முந்தாநாள் ஃபிலிம் கழுவியபோது முப்பத்தொன்றில் ஒரு புள்ளி. மையைக் கொட்டியதுபோல அத்தனை கறுப்பு. எங்கள் தலைமை ஆய்வாளர் மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் தோளைத் தட்டினார். யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதுதான் உனக்கு எழுதுகிறேன்.

தங்கச்சி


மார்ச் 16

ஊமைக்கோட்டானுக்கு,

உனக்குப் பேச்சு வராது, எழுத்து வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாலு பக்கம்! இங்கே சிறையில் எல்லாக் கடிதத்தையும் ஓர் ஐயா முதலில் பிரித்துப் படிப்பார். "உன் தங்கச்சி கடுதாசி பாடப்புத்தகம் மாதிரி இருக்குடா, நான் ரெண்டு வாட்டி படிச்சேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஐயா, இதையும் படிப்பீங்கன்னு தெரியும், வணக்கம்.

அந்த ஆளைப் பற்றி எனக்கு எழுதாதே. நான் கொல்லத்தான் குத்தினேன், வைத்தியம் பார்க்க இல்லை. நீ அன்றைக்குப் பாதியில்தான் வந்தாய். முழுசும் சொல்கிறேன், ஒருமுறைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு ஆறிப்போச்சு என்று ஆரம்பித்தார். அம்மாவின் கையைக் கதவு நிலையில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அந்தச் சத்தம் உனக்கு வேண்டாம். நான் இழுத்தேன். என் கால் நடுவில் எட்டி உதைத்தார். சுருண்டு விழுந்தேன். நாலாவது முறையாகக் கதவைத் திறந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் வெட்டும் கத்தி இடுப்பில் இருந்தது. எழுந்தேன். அவ்வளவுதான். கத்தி இறங்கும்போது எதிர்ப்பே இல்லை, பழைய ட்யூப்பைவிடச் சுலபம். அதுதான் இன்றைக்கும் கையில் நிற்கிறது.

பிறகு ஏன் இரத்தம் கொடுத்தேன் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கொண்டுபோனது சின்ன ஆஸ்பத்திரி, அந்த ஆளின் வகை இரத்தம் அங்கே இல்லை. ஒடிந்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா என்னைப் பார்த்து, "நீ குடு"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நர்ஸ் இடது கையைக் கேட்டாள். இடது கை விலங்கில் இருந்தது, மறுமுனை ஏட்டையா கையில். "அப்ப வலது கைய நீட்டு" என்றாள். குத்தி முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, நகக்கண்ணில் அவர் இரத்தம் காயவில்லை, அதே கையிலிருந்து பை நிறைய எடுத்து அப்படியே உள்ளே கொண்டுபோய் ஏற்றினார்கள்.

இங்கே வந்த மூன்றாம் நாள் ஒருத்தன் "அப்பனைக் குத்துன கை எது, காட்டு" என்றான். காட்டினேன். அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை இப்போது. பதிலுக்கு நாலு பேர் என்னைத் தரையில் போட்டு மிதித்தார்கள். விலா ஆறிவிட்டது. அந்த ஆள் அன்றைக்கு உதைத்த வீக்கம் மட்டும் வற்றவே இல்லை. தங்கச்சியிடம் சொல்லும் இடமில்லை, விடு. வலி கிடையாது, கல் மாதிரி கனம்தான். எருமை உதை.

உன் புள்ளியைக் கொண்டாடு. அந்த ஆள் உடம்பில் ஒரு நல்ல சமாச்சாரம் இருந்திருக்கிறது, ஆச்சரியம்தான்.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

இதை நின்று நிதானமாகப் படி. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

முப்பத்தொன்றை உறுதிசெய்ய இரண்டாவது முறை இரத்தம் வேண்டும் என்றார் மேடம். பரிசோதனைக்கு அப்பா வந்த நாளில் நர்ஸ் எடுத்தார், நான் குழாயோடு நின்றேன். என்னைத் தெரியாதவர்போல் இருக்கும்படி முன்பே கெஞ்சியிருந்தேன். நர்ஸ் நகர்ந்ததும், "என்ன டாக்டரம்மா, அப்பன் ரத்தம் வேணும், அப்பன் வேணாமா? உள்ள போய்ச் சொல்லட்டா, இது நான் பெத்ததுன்னு?" என்றார். மெதுவாகப் பேசச் சொன்னேன். நடைபாதை வளைவில் பின்னலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். சத்தமே வராத மாதிரி, ஒரே ஒரு முறை. அவருக்கு அது பழக்கம்தானே. குழாயை மட்டும் கீழே விடாமல் பிடித்துக்கொண்டேன். ஆய்வகத்தில் கேட்டார்கள், அலமாரிக் கதவு இடித்தது என்றேன்.

அந்த இரத்தத்தை ஊற்றினோம். புள்ளி இல்லை. மறுபடி ஊற்றினோம். இல்லை. மூன்றாம் முறை மேடமே செய்தார். சாம்பல். தாள் பழுதா என்று பார்க்க ஜனவரி மாதச் சீரத்தில் மிச்சம் இருந்ததை ஊற்றினார். மை கொட்டியதுபோல அதே கறுப்பு. "உடம்பு இவ்வளவு சீக்கிரம் மறக்காதே" என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். என் கண் படிவத்தில் நான் எழுதிய "இல்லை"க்குப் போனது.

அப்பாவின் உடம்பு மறக்கவில்லை. அதற்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஏற்றப்பட்ட இரத்தத்தோடு வரும் எதிர்ப்பொருள் சில வாரங்களில் கரைந்துபோகும். ஜனவரியில் இருந்துவிட்டு ஏப்ரலில் இல்லாமல்போனது அப்பாவுடையது இல்லை. உன்னுடையது. அவர் கட்டியில் அந்தப் புரதம் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது உன் இரத்தம்.

இனிமேல்தான் முக்கியம். அந்தப் புரதம் என்ன என்று மேடம் கண்டுபிடித்துவிட்டார். ஆரோக்கியமான உடம்பில் அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும், ஆண்களுக்கு விந்து உண்டாகும் இடத்தில். அங்கே எதிர்ப்பொருள் எட்டிப்பார்க்க முடியாதபடி உடம்பே சுவர் கட்டி வைத்திருக்கிறது. அதனால் உடம்பு தன் ஆயுளில் அதைப் பார்த்திருக்கவே கூடாது. பார்த்துவிட்டது என்றால் ஒன்று, சுவர் உடைந்திருக்க வேண்டும். அல்லது, எங்கோ ஒரு கட்டி அதைத் தயாரிக்க வேண்டும்.

சுவர் உதையில் உடைந்திருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நினைத்து அழுது, முகம் கழுவி, உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். உதை வாங்கி முக்கால் மணி நேரத்துக்குள் நீ இரத்தம் கொடுத்திருக்கிறாய். எதிர்ப்பொருள் உண்டாக வாரக்கணக்கில் ஆகும். உன் உடம்பு அந்த உதைக்கு முன்னாலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டது, அண்ணா. அந்த வீக்கம் உதையால் வந்தது இல்லை.

எனக்கு இதை எழுதவே கை கூசுகிறது. நீ படிக்கவும் கூசும். கூசட்டும். வலிக்காத வீக்கம்தான் மோசமானது. இப்போதே எடுத்துவிட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, இந்த வகையில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். விட்டால் வயிற்றுக்குப் போகும், பிறகு நுரையீரலுக்கு. சிறை மருத்துவரிடம் இன்றே போ.

தங்கச்சி


மே 2

கோட்டானுக்கு,

முழுசும் படித்துவிட்டுத்தான் கிழித்தேன்.

கிழித்ததை ஒட்டவைத்துப் படித்தான் பக்கத்துப் படுக்கை மொட்டை. சத்தமாக, அறை முழுக்கக் கேட்க. அந்த வார்த்தை வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் வாளியை எடுத்து அவன் தாடையில் இறக்கினேன். எலும்பு நகர்ந்த சத்தம் வாளிக்குள்ளேயே கேட்டது. நான் நிறுத்தவில்லை. மூன்று வார்டர்கள் வந்துதான் பிரித்தார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள், அந்த அடிக்குத் தழும்பு தெரியாது. பத்து நாள் தனி அறை. அங்கே இருந்துதான் எழுதுகிறேன்.

உன் கணக்குச் சரியாகவே இருக்கட்டும். நான் போக மாட்டேன். முதல் காரணம், இங்கே இருக்கும் டாக்டர் தலைவலிக்கும் கால் ஒடிந்ததுக்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான் கொடுப்பார். வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை யார் எழுதுவது? உங்கள் ஆய்வகம். என் இரத்தம் எப்படி அங்கே வந்தது என்று அதில் எழுத வேண்டும். எழுதினால் நீ பொய் எழுதினது தெரியும். நம் வீட்டில் படிவத்தை நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நீ. அந்த நாற்காலியிலிருந்து உன்னைத் தள்ளிவிட்டு நான் பிழைக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம். இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் நின்று டவுசரை அவிழ்க்க மாட்டேன்.

மூன்றாவது, இது யோசித்த காரணம். நான் கொல்லப் போன ஆளை நானே காப்பாற்றிவிட்டேன். அவர் பிழைத்து, அம்மாவோடு அதே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கத்தி, இரத்தம் இரண்டுமே அவருக்குத்தான் உபயோகப்பட்டது. நான் செத்தால் கணக்கு நேராகிவிடும்.

மேடத்திடம் மூச்சு விடாதே. விட்டால் உன் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

அண்ணன்


மே 8

அண்ணா,

நீ பிரிக்காவிட்டாலும் ஐயா பிரிப்பார். ஐயா, இதைப் படித்துவிட்டு அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

உன் கடிதம் வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் போனேன். படி ஏறும்போதே தெரிந்தது. அம்மா குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள், அப்பா தோளால் கதவை மோதிக்கொண்டிருந்தார். கதவு பாதி பிளந்திருந்தது. வாசல் கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பி என் கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் முதுகு எனக்கு நேராக இருந்தது. அவருக்கு மிச்சம் இருப்பது வலது சிறுநீரகம் ஒன்றுதான். அது எந்த விலாவுக்கு எத்தனை விரல் கீழே இருக்கிறது என்று எனக்கு அளவோடு தெரியும். படித்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தானோ என்று தோன்றியது. கம்பி நுனியை அங்கே வைத்தே விட்டேன், அண்ணா. சட்டைத் துணி உள்ளே அமுங்கியது.

அவர் திரும்பினார். "நீயுமா?" என்று சிரித்தார். என்னை அடிக்கக் கை ஓங்கினார். அந்தக் கையில் அடித்தேன். இரண்டாவது அடி தேவைப்படவில்லை, இருந்தாலும் அடித்தேன். விரல்கள் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தன. அவர் தரையில் உட்கார்ந்து கத்தியது தெருவுக்கே கேட்டது. எனக்குச் சத்தியமாக நன்றாக இருந்தது. அது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரியும். அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் அறையில் கட்டில் ஒன்றுதான், மாற்றி மாற்றிப் படுக்கிறோம்.

மறுநாள் திங்கள், ஆய்வகக் கூட்டம். முப்பத்தொன்று ஏன் மறைந்தது என்பதுதான் பேச்சு. நான் எழுந்தேன். நுண்ணோக்கியில் வேலை செய்பவர் "அட, இதுக்கு வாய் இருக்கா?" என்றார். சொன்னேன். அப்பா, நீ, கத்தி, பை, "இல்லை". மேடம் ஃபைலை மேசையில் அறைந்த அறையில் தேநீர்க் கோப்பை உருண்டு உடைந்தது. "நாலு மாசம்! உன் குடும்ப ரகசியத்துக்கு நாங்க நாலு மாசமா ஃபிலிம் கழுவிக்கிட்டு இருந்தோமா? பத்து பேரோட உழைப்பு! இதை நம்பி நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஊசி போட்டிருந்தா?" நான் நின்றுகொண்டே இருந்தேன். திட்டி முடித்துவிட்டு அவர் திடீரென்று நிறுத்தினார்.

"அண்ணனுக்கு வயசு என்ன?"

"இருபத்தேழு."

"வீக்கம் இருக்கா?"

"இருக்கு. வலி இல்லைன்னு எழுதினான்."

"உதை என்னிக்கு, ரத்தம் என்னிக்கு?"

"ஒரே நாள். முக்கால் மணி நேரம்."

மேடம் எழுந்து, உடைந்த கோப்பையை மிதித்துக்கொண்டு போய், ஆய்வகப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து நின்றபடியே எழுதினார். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று. "இவருடைய இரத்தத்தில் காணப்பட்ட எதிர்ப்பொருள் காரணமாக உடனடிப் பரிசோதனை அவசியம்." கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, மறு கையை நீட்டினார். ஆய்வகச் சாவியைக் கழற்றி வைத்தேன்.

ஆக, உன் முதல் காரணம் போயிற்று. நாற்காலி போய்விட்டது, இனி நீ காப்பாற்ற ஒன்றுமில்லை. இரண்டாவது காரணத்துக்கு நான் என்ன சொல்வது, கண்ணை மூடிக்கொள். மூன்றாவதற்கு ஒன்றே ஒன்று. அம்மா அங்கே இல்லை. அவர் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். நீ சாவதால் நேராக வேண்டியது இங்கே எதுவும் இல்லை.

தங்கச்சி


மே 27

கோட்டானுக்கு,

இது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. இடது கை கட்டிலோடு விலங்கில், வலது கையில் பேனா. எழுத்து கோணினால் மருந்து மயக்கம் என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. ஐயா தனி அறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து படித்தார், கோயில் மணி மாதிரிக் குரல். காதைப் பொத்தினேன். கம்பி, விரல் என்று வந்ததும் கையை எடுத்துவிட்டேன். "நீயுமா" என்று வந்த இடத்தில் ஐயாவே நிறுத்தி, "சபாஷ், அடுத்து என்ன பண்ணிச்சு பாரு" என்றார். முடித்துவிட்டு, "டேய், அந்தப் புள்ள உனக்காகக் கூட்டத்துல வாயைத் திறந்திருக்கு, நீ டாக்டருக்காக டவுசரத் திறக்க மாட்டியா?" என்றார்.

அப்படியும் நல்லபடியாகப் போகவில்லை. வண்டியில் ஏற்றும்போது மனசு மாறி ஒரு வார்டரைத் தலையால் முட்டினேன். மூக்கு உடைந்தது, அவருடையது. என்னைக் குப்புறப் போட்டு முழங்காலை முதுகில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் தொட்டுப் பார்த்த இரண்டாவது நிமிஷமே ஸ்கேன். மறுநாளே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம்தான், மறுபக்கம் நன்றாக இருக்கிறதாம், ஒன்று போதுமாம். வயிற்றில் ஒரு நிணநீர்க் கணு லேசாகப் பெருத்திருக்கிறது, ஊசி மருந்து மூன்று சுற்று. நுரையீரல் சுத்தம். "ஒரு மாசம் தாமதிச்சிருந்தா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்பேன்" என்றார். எப்போது தெரிந்தது என்று கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க, தங்கச்சி ஃபிலிம்ல பாத்துச்சு" என்றேன். காவலுக்கு இருக்கும் போலீஸ்காரர், "என் தங்கச்சி டிவியைத் தவிர எதையும் பாக்காது" என்றார். சிரித்தேன். தையல் உயிர்போக வலித்தது.

நேற்று உங்கள் மேடம் வந்தார். அவரே. குட்டை உருவம், பயங்கரக் கண். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. "சாவியைத் திருப்பித் தர மாட்டேன், ஒரு வருஷம் கழிச்சு முதல்லேருந்து விண்ணப்பிக்கட்டும், படிவத்தை ஒழுங்கா நிரப்பச் சொல்லு" என்றார். அதுதான் அவர் சொன்ன அதிகபட்ச நல்ல வார்த்தை என்று நினைக்கிறேன். என் கட்டியில் ஒரு துண்டும் இரத்தமும் ஆய்வுக்குத் தருகிறாயா என்று கேட்டார். அந்த ஆளின் கட்டியிலும் என் கட்டியிலும் ஒரே புரதம் இருக்கிறதாம், அப்படி இரண்டு வேறு நோயில் ஒன்றே கிடைப்பது பெரிய விஷயமாம். அப்பனையும் மகனையும் ஒரே தாளில் ஒட்டப்போகிறார்கள். சரி என்றேன்.

படிவம் கொடுத்தார். என் எண் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு கட்டமாக நானே எழுதினேன், நம் வீட்டில் படிவம் நிரப்பிய இரண்டாவது ஆள். "கடந்த மூன்று மாதத்தில் இரத்தம் ஏற்றப்பட்டதா?" என்று உன் கேள்வி வந்தது. கட்டம் சின்னது, ஒரு வார்த்தைக்குத்தான் இடம். "இல்லை" என்று எழுதினேன், இது நிஜமான இல்லை. பிறகு ஓரத்தில், "ஜனவரி 12 அன்று கொடுத்தேன், அப்பாவுக்கு" என்று எழுதினேன். போதும் என்று பேனாவை மூடினேன்.

மறுபடி திறந்தேன். எந்தக் கை என்று படிவத்தில் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதினேன்: வலது.

அண்ணன்